உயரம் அளக்காமல் சேர்த்துக்கொண்ட தீயணைப்புப் படிப்பு

“அண்ணா, ஃபயர் சர்வீஸ்ல சேரணும்னா எந்த காலேஜ்ல படிக்கணும்?” தீயணைப்பாளராக இருக்கும் நான் விடுப்பில் ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் இதைக் கேட்டுவிடுகிறான். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தீயணைப்பாளர் ஆவதற்கு எந்தக் காலேஜும் வேண்டாம், பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்று சொன்னால் சந்தேகமாகப் பார்க்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. அதை நான் நம்புவதற்கு 1,09,200 ரூபாயும் பதினொரு மாதமும் ஆயின.

தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் தீயணைப்பு டிப்ளமோ படித்த கணக்கை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கோர்ஸ் ஃபீஸ் 45,000. ஹாஸ்டல் மாதம் 3,500 வீதம் பதினொரு மாதத்துக்கு 38,500. இரண்டு செட் யூனிஃபார்ம், ஷூ, பெல்ட், ஹெல்மெட் 4,200. பிராக்டிகல் ஃபீஸ் 6,000. தேர்வுக் கட்டணமும் சான்றிதழும் சேர்த்து 3,500. கடைசியாக ‘பிளேஸ்மென்ட்’ 12,000. சேருகிற அன்று வாயைத் திறந்து சொன்னது முதல் இரண்டை மட்டும்தான். மீதி நான்கும், பாதியில் விட்டால் கட்டியதும் போச்சே என்று நாங்கள் பயப்படுகிற நேரம் பார்த்து ஒவ்வொன்றாக வந்தன. அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. அதன் வட்டி இந்தக் கணக்கில் இல்லை.

2021-ல் கொரோனா காரணமாகப் பொதுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூவில் எல்லோரும் தேறிய கூட்டத்தில் நானும் ஒருவன். செப்டம்பரில் சேர்ந்தேன். அலுவலகத்தில் சிவப்பு வண்டிப் படம், ஏணியில் நிற்கும் வீரர்கள் படம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அம்மாவைப் பார்த்து, “சர்டிபிகேட் இருந்தா நேரா கூப்பிட்டு எடுத்துக்குவாங்கம்மா, தம்பிக்கு ஒரு வருஷத்துல கவர்ன்மென்ட் வேலை” என்றார். பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஆதார் நகல் வாங்கினார். புகைப்படம் நான்கு வாங்கினார். உயரம் மட்டும் அளக்கவில்லை.

இதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும். இந்த வேலையில் உடல் அளவு என்பது வாசற்படி. தீயணைப்பாளர் பணிக்கு ஆண்களுக்குப் பொது, பிசி, எம்பிசி பிரிவுகளில் 170 செ.மீ., எஸ்சி, எஸ்டி பிரிவில் 167 செ.மீ. உயரம் கேட்கிறார்கள். மார்பு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது. எங்கள் வகுப்பில் 38 பேர். அதில் ஒருவன் 161 செ.மீ. அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை செய்து கட்டிய பணம் அது. உண்மையிலேயே தீயணைப்பாளரை உருவாக்க நினைக்கிற இடம் முதலில் உங்களைச் சுவரோரம் நிறுத்தி அளக்கும், மார்பில் டேப் வைக்கும், கொஞ்சம் ஓடச் சொல்லும். பணத்தை எண்ணுகிறவர்கள் அளப்பதில்லை. எந்தப் பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்தாலும் நான் பார்க்கச் சொல்கிற முதல் அடையாளம் இதுதான்.

இரண்டாவது, ‘அரசு பதிவு பெற்றது’ என்ற வரி. எங்கள் சான்றிதழில் நான்கு முத்திரை உண்டு. ஒன்று டிரஸ்ட் பதிவு எண், ஒன்று சிறுதொழில் பதிவு, ஒன்று ஐஎஸ்ஓ 9001, ஒன்று வெளிமாநிலத்து ‘கவுன்சில்’. டிரஸ்ட்டை யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். சிறுதொழில் பதிவு இட்லி மாவு அரைக்கிறவருக்கும் உண்டு. ஐஎஸ்ஓ என்பது அலுவலக நடைமுறைக்குக் கொடுக்கிற சான்று, பாடத்துக்குக் கொடுப்பதல்ல. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோ என்றால் ஏஐசிடிஇ என்ற அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும். ஐடிஐ என்றால் என்சிவிடி (இப்போது என்சிவிஇடி) என்ற மத்திய தொழிற்பயிற்சிக் குழு. இந்த மூன்றில் எதிலும் வராத டிப்ளமோ, வேலை கொடுப்பவர் மதித்தால் மதிப்பு, இல்லாவிட்டால் லேமினேட் செய்த தாள்.

நம் நாட்டில் இந்த வேலையின் வரிசையே வேறு என்பதுதான் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். அமெரிக்கா, கனடாவில் கல்லூரியில் தீயணைப்புப் படிப்பை முடித்துக்கொண்டு வேலைக்கு விண்ணப்பிக்கிற வழி இருக்கிறது. யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே முதலில் தேர்வு, அப்புறம்தான் பயிற்சி. தேர்வானவனுக்குச் சம்பளம் கொடுத்து அரசே தாம்பரம் பயிற்சி மையம் போன்ற இடங்களில் சொல்லித்தருகிறது. நீங்கள் முன்பே என்ன படித்து வந்திருந்தாலும் முதல் நாள் எல்லோருக்கும் ‘சாவ்தான்’ (விறைப்பாக நில்) என்பதிலிருந்துதான். படித்துவிட்டுப் போகிற வழி ஒன்று உண்டு. அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் நாக்பூரில் இருக்கும் தேசிய தீயணைப்புக் கல்லூரி. 1956-ல் ராம்பூரில் தொடங்கி அடுத்த ஆண்டே நாக்பூருக்கு வந்தது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும், அங்கேயும் உடல் தகுதி உண்டு. ‘நாக்பூர் காலேஜ் சிலபஸ்’ என்று நோட்டீஸில் போட்டுக்கொள்கிற தனியார் நிலையத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வகுப்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தீ முக்கோணம், தீயின் வகைகள் ஏ, பி, சி, டி, எந்தத் தீக்கு எந்த அணைப்பான் என்பதெல்லாம் ஜெராக்ஸ் நோட்ஸில் மூன்று மாதம் ஓடியது. பாடம் தப்பில்லை. உட்கார்ந்து படித்தால் பத்து நாளில் முடிகிற பாடம், அவ்வளவுதான். பிராக்டிகல் என்ற பெயரில் தண்ணீர் ஓடுகிற ஹோஸைக் கையில் பிடித்தது பதினொரு மாதத்தில் நான்கு முறை. அதுவும் மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர். அதில் அழுத்தமே இருக்காது, குழாயடியில் செடிக்கு ஊற்றுவது போலத்தான்.

பணியில் சேர்ந்து உண்மையான பம்ப்பில் ஹோஸ் பிடித்த அன்றுதான் வித்தியாசம் புரிந்தது. நாம் பயன்படுத்தும் டெலிவரி ஹோஸ் 63 மி.மீ. விட்டம், ஒரு உருளை 15 மீட்டர். காலியாக இருக்கும்போது தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். தண்ணீர் ஏறிவிட்டால் அந்த ஒரு நீளத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 47 லிட்டர், அதாவது 47 கிலோ. மூன்று நீளம் இணைத்து மாடிப்படியில் ஏற்றினால் ஒரு ஆள் இழுக்க முடியாது. அதனால்தான் காலி ஹோஸை முதலில் விரித்து, வளைவுகளைச் சரிசெய்து, மேலே போய் நின்ற பிறகு ‘வாட்டர் ஆன்’ சொல்ல வேண்டும் என்று மண்டையில் ஏற்றுகிறார்கள். முனையில் 20 மி.மீ. நாசில், 7 பார் அழுத்தம் என்றால் அது பின்னுக்குத் தள்ளுகிற விசை கிட்டத்தட்ட 45 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பேர் பிடிப்பது அதற்காகத்தான். ஒருவர் பிடித்துக் கைநழுவினால் பிராஞ்ச் (ஹோஸ் முனையில் கையில் பிடிக்கும் குழாய்) பாம்பு மாதிரி சுழன்று அடிக்கும், பித்தளை முனை மண்டையைப் பிளந்துவிடும். தொட்டித் தண்ணீரில் பழகியவனுக்கு இது எதுவும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது, அதுதான் ஆபத்து.

தட்டுத் தீப் பயிற்சி ஒருநாள் நடந்தது. இரும்புத் தட்டில் தண்ணீர் விட்டு அதன்மேல் எரிபொருள் ஊற்றிப் பற்றவைத்து, பவுடர் அணைப்பானால் அணைக்க வேண்டும். சரியான முறையில் டீசல் அதிகமாகவும் பெட்ரோல் பேருக்குக் கொஞ்சமாகவும் ஊற்றி, காற்று முதுகில் படுகிற பக்கம் நின்று, நீளக் கம்பியில் துணி சுற்றிப் பற்றவைப்பார்கள். ஒருவர் அணைத்து முடித்ததும் தட்டு ஆறும்வரை காத்திருப்பார்கள். எங்களுக்கு வெறும் பெட்ரோல். முதல் பையன் முடித்ததுமே சூடான தட்டில் அடுத்த அரை லிட்டரைக் கவிழ்த்தார்கள். சூட்டில் பெட்ரோல் உடனே ஆவியாகும், அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். தீக்குச்சி தட்டுக்குப் போகும் முன்பே காலடியில் பற்றிக்கொண்டது. ஒருவனுக்குப் புருவமும் முன்முடியும் கருகின. மருந்து பர்னால். அந்தச் செலவும் அவனுடையது.

அன்றைக்கு வைத்திருந்த ஆறு அணைப்பான்களில் இரண்டு வேலை செய்யவில்லை. பவுடர் அணைப்பானை ஒரு விநாடி அழுத்திப் பார்த்தாலும் வால்வின் இருக்கையில் பவுடர் துகள் சிக்கிக்கொள்ளும். அதன் வழியாக அழுத்தம் மெல்லக் கசிந்து நாலைந்து நாளில் அழுத்தம் காட்டும் முள் பச்சையிலிருந்து சிவப்புக்கு வந்துவிடும். தொட்டால் ரீஃபில் செய்தே ஆக வேண்டும். அவர்கள் சென்ற ஆண்டு மாணவர்கள் பாதி அடித்ததை அப்படியே வைத்திருந்தார்கள். நீங்கள் ஏதாவது பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போனால் அணைப்பான் முள்ளையும் ரீஃபில் ஸ்டிக்கரில் உள்ள தேதியையும் பாருங்கள். ஒரு நிமிட வேலை, நிறையச் சொல்லிவிடும்.

அதே போல மூச்சுக் கருவி. புகைக்குள் போகிறவன் முதுகில் போடுகிற பிஏ செட். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் காற்று என்றால் 1,800 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கு போட்டால் 45 நிமிடம் வரும், அது காகிதக் கணக்கு. ஏறக்குறைய 55 பாரில் விசில் அடிக்க ஆரம்பிக்கும். அப்போது மீதி சுமார் 330 லிட்டர், எட்டு நிமிடம். அது வெளியே வருவதற்கான காற்று, வேலை செய்வதற்கானது அல்ல. ஆகவே கையில் இருப்பது 36 நிமிடம், அதுவும் நிதானமாக மூச்சுவிட்டால். புதியவன் பதற்றத்தில் இதைவிட வெகுசீக்கிரம் காலி செய்துவிடுவான். தன் உடம்பு எத்தனை நிமிடத்தில் குடிக்கிறது என்பதை ஒவ்வொருவனும் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது என்பதும் போட்டால்தான் தெரியும். எங்கள் நிலையத்தில் ஒரு செட் கண்ணாடி அலமாரியில் இருந்தது. சிலிண்டர் காலி. அதைப் போட்டுக்கொண்டு எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம், அடுத்த ஆண்டு நோட்டீஸில் வந்தது.

போர்ட்டபிள் பம்ப்பும் ஒன்று இருந்தது. அது ஒருநாளும் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கவில்லை. காற்றை வெளியேற்றிப் பம்ப்புக்குத் தண்ணீரை ஏற்றுகிற ‘பிரைமர்’ ரிப்பேர் என்பார் மாஸ்டர். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. உறிஞ்சுகுழாய் இணைப்பில் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் காற்று உள்ளே புகும், வெற்றிடம் உருவாகாது, தண்ணீர் ஏறாது. பத்துப் பதினைந்து ரூபாய் வாஷர். இன்னொன்று, வெற்றிடத்தால் தண்ணீர் ஏறுவதற்கு எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. அந்தக் கிணற்றில் தண்ணீர் அதற்கும் கீழேதான் கிடந்தது. வாஷர் புதிதாக இருந்திருந்தாலும் ஏறியிருக்காது. ஆக, சேரும் முன் மூன்றே மூன்று கேளுங்கள்: பம்ப்பை என் கண்முன்னே பிரைம் செய்து காட்டுவீர்களா, காற்று நிரம்பிய பிஏ செட் எத்தனை, 10.5 மீட்டர் ஏணி இருக்கிறதா. ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் யாராவது பாடம் எடுக்கிறாரா என்பது நான்காவது.

2022 ஜூன் 30. படிப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே தேர்வு. ஹாஸ்டல் மொட்டைமாடியில் செல்போனில் அந்த பிடிஎஃபை நாலுமுறை படித்தேன். கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு. டிப்ளமோவுக்கு மதிப்பெண் இல்லை, முன்னுரிமை இல்லை, எழுதுவதற்குக் கட்டம்கூட இல்லை. சிறப்பு மதிப்பெண் இருந்தது, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டு மூன்றுக்கும் சேர்த்து 6. பிளஸ் ஒன்னில் என்எஸ்எஸ் கேம்ப்புக்குப் பேர் கொடுத்துவிட்டு வெயிலுக்குப் பயந்து போகாமல் இருந்தவன் நான். காசில்லாமல் கிடைத்திருக்க வேண்டிய மதிப்பெண்ணை விட்டுவிட்டு, லட்சம் கொடுத்துப் பூஜ்யம் வாங்கியிருக்கிறேன். அன்றிரவு வீட்டுக்கு போன் பேசவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

பிளேஸ்மென்ட் என்று 12,000 வாங்கியதற்குக் கிடைத்தது ஒரு வணிக வளாகத்தில் ‘ஃபயர் கார்ட்’ வேலை. செக்யூரிட்டி ஏஜென்சி மூலமாக, 12 மணி நேர ஷிப்ட், கைக்கு 11,000. பம்ப் ரூமில், குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிற ஜாக்கி பம்ப் ஓடுகிறதா என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். அந்த வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதினொரு மாதப் படிப்பு தேவையில்லை, பக்கத்தில் நின்ற பிளஸ் டூ பையன் நேரடியாகச் சேர்ந்திருந்தான். ‘சேஃப்டி ஆபீசர் ஆகலாம்’ என்பதும் பாதி உண்மைதான். அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 40-பி பிரிவின்படி 1,000 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலையில் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது. ஆனால் அதற்குப் பொறியியல் அல்லது அறிவியல் படிப்பு, ஆலையில் அனுபவம், அதன் மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ எல்லாம் வேண்டும். பிளஸ் டூவின் மேல் நேராக அந்த மாடியைக் கட்ட முடியாது.

2022 தேர்வை நவம்பரில் எழுதினேன். ஷிப்ட் முடித்து வந்து படித்த படிப்பு போதவில்லை. அந்த ஆண்டு தீயணைப்பாளர் இடமும் 120தான். 2023-ல் 674 இடம் வந்தது. வேலையை விட்டுவிட்டு நான்கு மாதம் ஊரிலேயே உட்கார்ந்தேன். அப்போது செய்ததைத்தான் இப்போது பையன்களுக்குச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண்ணுக்கு 32 எடுக்க வேண்டும். அது தரவரிசையில் சேராது, ஆனால் அதில் விழுந்தால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தானே என்று அலட்சியமாகப் போய் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். முதன்மைத் தேர்வு 70 மதிப்பெண், அதில் 45 பொது அறிவு, 25 உளவியல். உளவியல் என்ற பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் எண்தொடர், உறவுமுறை, கணக்கு. தினம் ஒரு மணி நேரம் பழகினால் அந்த 25-ல் இருபதைத் தாண்டலாம். பொது அறிவில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடி அலையாமல் முன்பே வாங்கி வையுங்கள்.

1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. கேட்க லேசாக இருக்கிறது. விழுகிறவன் எல்லாம் முதல் சுற்றை 80 விநாடியில் ஓடிவிட்டு மூன்றாவது சுற்றில் நடக்கிறவன். கடிகாரம் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் 1:45-க்குள் சமமாக ஓடப் பழகுங்கள். அப்புறம் போட்டிகள்: கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 மீட்டர் அல்லது 400 மீட்டர். மூன்றுக்கும் சேர்த்து 24 மதிப்பெண். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு; நட்சத்திரத்தை வைத்துத்தான் மதிப்பெண். நீளம் தாண்டுதலில் 3.80, 4.50 மீட்டர். நூறு மீட்டரில் 15, 13.5 விநாடி. அறிவிப்புக்கு அறிவிப்பு இவை மாறலாம், உங்கள் ஆண்டு பிடிஎஃபைத்தான் வேதவாக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறையப் பேரைக் கவிழ்ப்பது கயிறுதான். கைபலத்தால் மட்டும் ஏறப் பார்ப்பார்கள், நாலு மீட்டரில் முன்னங்கை இறுகிவிடும். கால் பூட்டு பழக வேண்டும். கயிறு வலது காலின் வெளிப்புறமாகத் தொங்க, இடது பாதத்தால் அதை வலது பாதத்தின் அடியாக இழுத்து இடது பாதத்தின் மேல் மடித்து, வலது பாதத்தால் அந்த மடிப்பை மிதித்துக்கொண்டால் உடல் எடை காலுக்கு வந்துவிடும். பூட்டிக்கொண்டு எழுந்து நிற்பதுதான் ஏறுவது. கை பிடித்துக்கொள்ள மட்டும். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வராதீர்கள், உள்ளங்கைத் தோல் உரிந்தால் இரண்டு வாரம் பயிற்சி போச்சு. நான் 1,400 ரூபாய்க்கு கயிறு வாங்கிப் புளியமரக் கிளையில் கட்டி, கீழே மணல் கொட்டி ஏறினேன். முதல் மாதம் மூன்று மீட்டரைத் தாண்டவில்லை. நான்காவது மாதம் ஆறு.

மாநிலத் துறை ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். சிஐஎஸ்எஃப் என்ற மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் காவலர்/தீயணைப்பு என்று தனி ஆளெடுப்பு உண்டு. 18 முதல் 23 வயது, 170 செ.மீ., 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும், பிளஸ் டூவில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். நான் வணிகவியல், அந்தக் கதவு எனக்கு மூடியேவிட்டது. தீயணைப்பு ஆசை இருக்கிற பையன் பத்தாவது முடித்ததும் அறிவியல் குரூப் எடுப்பது இதற்காகவும் நல்லது. இன்னொன்று விமான நிலையங்கள். இந்திய விமான நிலைய ஆணையத்தின் இளநிலை உதவியாளர் (தீயணைப்பு) பணிக்குப் பிளஸ் டூவோடு ஓட்டுநர் உரிமமும் கேட்கிறார்கள். கனரக வாகன உரிமம், இல்லாவிட்டால் ஓராண்டு பழைய நடுத்தர வாகன உரிமம், அதுவும் இல்லாவிட்டால் இரண்டாண்டு பழைய இலகுரக உரிமம். சட்டப்படி கனரகம் பழக இலகுரக உரிமம் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். அதனால் 18 முடிந்த வாரமே கார் உரிமத்துக்குப் போய்விடுங்கள். காலம்தான் அங்கே தகுதி, பின்னால் பணம் கொடுத்து அதை வாங்க முடியாது. நான் ஹாஸ்டலில் ஜெராக்ஸ் நோட்ஸ் படித்துக்கொண்டிருந்த ஆண்டில் அந்த உரிமம் சத்தமில்லாமல் வயது ஏறிக்கொண்டிருக்கும். படித்தே ஆக வேண்டும் என்றால் ஐடிஐ-யில் தீயணைப்புத் தொழில்நுட்பமும் தொழிற்பாதுகாப்பும் என்சிவிடி பாடமாகவே ஓராண்டு இருக்கிறது.

பணம் திரும்பக் கிடைத்ததா என்றால், 12,000 மட்டும் கிடைத்தது. அது ஒன்றுதான் யுபிஐ-யில் போட்டது, குறிப்பில் ‘பிளேஸ்மென்ட் ஃபீஸ்’ என்று எழுதியிருந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த மூன்றாவது வாரம் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் ரொக்கம், ரசீது என்று தந்தது வெள்ளைத் தாளில் கிறுக்கியது, ‘நன்கொடை’ என்று போட்டிருந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அந்தக் கெடு எனக்குத் தெரியவந்தபோது தாண்டியிருந்தது. ஒரிஜினல் மார்க் ஷீட்டை எக்காரணம் கொண்டும் கொடுத்துவைக்காதீர்கள். சரிபார்ப்புக்கு அசல் வேண்டும் என்று நான் போய் நின்றபோது, பாக்கி இருக்கிறது என்று ஒன்பது நாள் அலைக்கழித்தார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று அம்மா வாசலில் உட்கார்ந்த பிறகுதான் கைக்கு வந்தது.

சான்றிதழ் சரிபார்ப்பில் மற்ற தாள்களோடு அந்த டிப்ளமோவையும் வைத்தேன். மேஜையில் இருந்தவர் அதை எடுத்துப் பார்க்காமலே திருப்பித் தந்தார். “இது வேணாம் தம்பி, கம்யூனிட்டி சர்டிபிகேட் எங்க?”

புளியமரத்துக் கயிறு இன்னும் அங்கேயே தொங்குகிறது. இப்போது ஊர்ப் பையன்கள் நான்கு பேர் ஏறுகிறார்கள். அவர்களில் நன்றாக ஏறுகிறவன் உயரம் 166, பிசி பிரிவு. போன வாரம் காலையில் அளந்தோம், படுத்து எழுந்ததும் அளந்தால் கொஞ்சம் கூடும் என்று. 166.5. சீருடைத் தேர்வுக்கு மூன்றரை குறைகிறது, விமான நிலையத்துக்கு 167 வேண்டும், அரை குறைகிறது. நாக்பூருக்கு 165 போதும். அந்த நுழைவுத் தேர்வு விவரத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.